மாலை சூடிய கைக்கோடாரி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! காட்டில் உதிர்ந்த சுள்ளியும் அரசனுக்கே சொந்தம் என்று பறையறைந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு மலையடிவாரத்து விறகுவெட்டிகள் அந்த ஆணையை மீறிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், கையில் கைக்கோடாரியுடன் நடந்தவன் கொம்பையன்.

மழை வந்தது; அவர்கள் எழவில்லை. பசி வந்தது, எழவில்லை. படை வந்தது, அப்போதும் எழவில்லை.

கடைசியில் அரசன்தான் இறங்கி வந்தான். "பட்ட மரம் உங்களுக்கு. ஆனால் காட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்கிறீர்களே, அதை ஆண்டுதோறும் என் அதிகாரிக்குக் காட்டுங்கள். தை முதல் நாள் உச்சிப்பொழுதில் எல்லைக்கல் அருகே உங்களில் ஒருவர் கைக்கோடாரியால் காய்ந்த கட்டையைப் பிளந்து, தீ மூட்டி, ஒரு பானை நீரைக் கொதிக்க வைக்க வேண்டும். தொடங்கியவரே முடிக்க வேண்டும். கல்லின் நிழல் பக்கத்துப் பாதையைத் தொடுமுன் நீர் கொதித்தால் காடு உங்களுடையது, தொட்டுவிட்டால் என்னுடையது" என்றான்.

காட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை நினைத்தால் கொம்பையனுக்கு வயதான பிறகும் நெஞ்சு நிமிரும். என்ன நாட்கள் அவை! ஈர விறகின் புகையில் கண் கரிக்கக் கரிக்கப் பாட்டு. ஒருவன் கோடாரி மழுங்கினால் அதைத் தீட்டப் பத்துக் கைகள் நீளும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, எண்ணெய் தடவி, தோலுறையில் போட்ட பிறகுதான் கஞ்சி. அவனுடைய சித்தப்பன் மகள் சடைச்சி படைவீரர்களைப் பார்த்து, "ஐயா சாமி, ஈட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, கஞ்சிப் பானை உடைஞ்சிரும்" என்று சொல்ல, வீரர்களே சிரித்துவிட்டார்கள். இப்படி அசைபோட்டுக்கொண்டே கொம்பையன் ஆண்டுகளைக் கழித்தான்.

வெற்றி கிடைத்ததும் ஊரார் அவன் கைக்கோடாரியை எல்லையம்மன் கோயிலில் வைத்தார்கள். மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை தை முதல் நாளில் கொம்பையன் அதை எடுத்து ஒரு வெட்டு வெட்டுவான். வந்த அதிகாரிகளும் மர நிழலில் சாய்ந்து, அந்த ஒரு வெட்டைப் பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றதெல்லாம் பேருக்கு நடந்தது.

பழைய அரசன் போனான், புதிய அரசன் வந்தான். தை பிறக்கும் முன்பே சேதி வந்தது: இந்த முறை வரும் அதிகாரி மோர் குடிக்க மாட்டார்.

முந்திய நாள் கொம்பையன் கோயிலுக்குப் போய்க் கோடாரியைத் தூக்கினான். அதன் தலை காம்பில் லேசாக ஆடியது. அவன் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். சற்று நேரத்தில் காம்பு ஊறி, தலை இறுகிப் பிடித்தது. அவனுக்கு நிம்மதி.

தண்ணீர் எடுக்க வந்த சடைச்சி பார்த்துவிட்டாள்.

"அண்ணே, ஊற வச்சா இன்னிக்கு இறுகும், நாளைக்கு வெயில்ல சுருங்கிரும். பழைய ஆப்பைப் பிடுங்கிட்டுப் புதுசா ஒண்ணு அடிங்க. அலகும் என் தாத்தா பல்லு மாதிரி இருக்கு."

"இது எந்தக் கோடாரின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? உங்க பக்கத்துல உக்காந்து அதைத் தீட்டினவளே நான்தான்."

"நீ இன்னும் விறகு சுமக்கிற. இதோட மதிப்பு உனக்கு எங்கே தெரியப்போகுது!"

சடைச்சி குடத்தை இடுப்பில் வைத்தாள். "சரிங்க சாமி. நாளைக்குத் தேங்காயும் உடைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் கைக்கோடாரியை மாலையோடு விடியலிலிருந்தே வெயிலில் வைத்து மேளம் கொட்டினார்கள். உச்சிப்பொழுதில் அதிகாரி நிழலை நாடாமல் கல்லின் பக்கத்திலேயே நின்றார். தரிசனம் பார்ப்பதுபோல் ஊரே கொம்பையனை நெருக்கியது.

"தள்ளி நில்லுங்க! கோடாரி வீசுற எடத்துல என்ன கூட்டம்? பத்தடி போங்க!" என்று சடைச்சி கத்தினாள். சிலர் முறைத்தார்கள். ஆனாலும் விலகினார்கள்.

முதல் வெட்டு. அலகு கட்டையில் இறங்காமல் வழுக்கியது.

இரண்டாம் வெட்டு. உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. கைக்கு அது தெரிந்தது, மனம் ஏற்கவில்லை.

மூன்றாம் வெட்டுக்கு ஓங்கினான். தலை கழன்று பறந்து, சற்றுமுன் ஒரு கைக்குழந்தைக்காரி நின்ற மண்ணில் புதைந்தது. கொம்பையன் கையில் வெறும் காம்பு.

அதிகாரி சொன்னார்: "நிழல் நிற்காது, பெரியவரே. வேறு கோடாரி எடுக்கத் தடையில்லை. ஆனால் தொடங்கிய நீங்களே முடிக்க வேண்டும்."

ஒருவன் புத்தம்புதுக் கோடாரி ஒன்றை நீட்டினான். வெள்ளிபோல் மின்னியது. கொம்பையன் காம்பைப் பார்த்தான். மரத்தின் வரி நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடியது. நாலு வெட்டில் முறியும். வேண்டாம் என்றான்.

இன்னொருவன் பெருமரம் சாய்க்கும் நெடுங்கோடாரியை நீட்டினான். அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். தீப்பிடிக்க மெல்லிய சிராய் சீவ அது உதவாது. வேண்டாம் என்றான்.

மூன்றாவதாக அவனே சடைச்சியிடம் போனான். அவள் இடுப்பில் தோலுறைக்குள் இருந்தது கறுத்த, குட்டையான ஒரு கைக்கோடாரி.

"குடு தாயீ" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. காம்பை அவன் பக்கம் நீட்டினாள். அலகு தரையைப் பார்த்தது. "பிடிச்சாச்சா?" என்றாள். "பிடிச்சாச்சு" என்று அவன் சொன்ன பிறகே கையை விட்டாள். காட்டுக்குள் கிடந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் கைமாற்றினார்கள். அவன் கண் நிறைந்தது.

தலையை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. அலகைக் கட்டை விரல் நகத்தில் மெல்ல வைத்தான்; வழுக்காமல் நின்றது. முழங்காலிட்டான். கட்டையை ஓர் அடிமரத்தின் மேல் நிறுத்தி, பிடித்த கையை எடுத்துவிட்டு வெட்டினான். தவறினாலும் அலகு அடிமரத்தில் இறங்கும், காலில் இறங்காது. கட்டை பிளந்தது. காய்ந்த உள்மரத்தை மெல்லிய சிராயாகச் சீவினான். தீக்கடைகோலைக் கடைந்தான். புகை வந்தது, பொறி வந்தது, தீ வந்தது.

நிழல் பாதைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தபோது பானை பொங்கியது. அதிகாரி குனிந்து பார்த்தார். நிழலையும் பார்த்தார். "காடு உங்களுடையதே" என்று சொல்லிக் குதிரை ஏறினார்.

ஊர் ஆர்ப்பரித்தது. பூசாரி மண்ணில் கிடந்த மாலையை எடுத்து, தூசி தட்டி, சடைச்சியின் கைக்கோடாரிக்குப் போடப் போனார். "இதையும் கோயில்ல வைப்போம்!" என்று கூட்டம் கூவியது.

சடைச்சி வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏய்யா, நாளைக்கு அடுப்புக்கு உங்க அம்மனா விறகு வெட்டும்?"

கொம்பையன் அப்போது கூட்டத்தில் இல்லை. மண்ணில் புதைந்த தலையைத் தோண்டியெடுத்து, ஓடைக்கரையில் உட்கார்ந்து, மஞ்சளும் குங்குமமும் கரையும்வரை கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். அடியில் துரு இருந்தது. துருவுக்கு அடியில் இரும்பு இருந்தது.

கேட்டீர்களா? போராடிப் பெற்ற உரிமையும் தீட்டி வைத்த கருவியும் ஒன்றே: மாலை போட்டு மூலையில் வைத்தால் துருப்பிடிக்கும், நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்திப் பேணினால்தான் வேண்டிய நாளில் கைகொடுக்கும்.