செந்தேரி 120 மீட்டர்

கடலும் முந்திரிக்காடும் அடுத்தடுத்து இருக்கும் ஓர் ஊரில், முன்னொரு காலத்தில், அளவை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு வழிகாட்டிப் பலகை இருந்தது.

அதில் மூன்று அம்புக்குறிகள். மேற்கே காட்டிய அம்பில் "செந்தேரி 120 மீட்டர்" என்று எழுதியிருந்தது. கிழக்கே காட்டிய இரண்டில் "ஆனைப்பாறை 900 மீட்டர்" என்றும் "நன்னீர் ஊற்று 1,350 மீட்டர்" என்றும் இருந்தது. தேரி, சிவப்பு மணலால் ஆன குன்று. பாறை கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றது. ஊற்று, உப்புக்கடலின் விளிம்பிலேயே குடிக்கிற தண்ணீரைச் சுரந்தது. இவற்றைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வரவேண்டும் என்பது ஊராட்சித் தலைவர் தவசிமுத்துவின் ஆசை. ஒரு தை மாதத்தில் நாடா பிடித்து அளந்து, பெயின்டரை வைத்து எழுதி, சாலை வளைவில் பலகையை நட்டுவிட்டார்.

பலகைக்குத் தன் அளவுகளில் அத்தனை பெருமை. யாராவது "ஒரு நூறு மீட்டர் இருக்கும்" என்று பேசிக்கொண்டு போனால், அன்று முழுக்க அதற்கு மனசு ஆறாது.

முதல் ஆண்டு, ஊற்றைத் தேடிப் போன ஒரு குடும்பம் முழங்கால்வரை நனைந்து திரும்பியது. சொன்ன இடத்தில் கடல்தான் கிடந்ததாம். இரண்டாம் ஆண்டு, ஒரு வாத்தியார் முப்பத்தாறு பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போனார். தும்பிக்கை எங்கே சார் என்று முப்பத்தாறு பேரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு புகாரும் தலைவருக்குப் போயின.

தவசிமுத்து வந்து பலகையின் காலை ஆட்டிப் பார்த்தார். பக்கத்துப் புளியமரத்தடியில் சில்லுக்கருப்பட்டி விற்கும் சந்தனக்கனியிடம் சொன்னார்:

"இன்னும் ஒரு புகார் வரட்டும். புடுங்கி மோட்டார் ரூமுக்குக் கதவாப் போட்டுருதேன்."

"போடுங்க அண்ணாச்சி," என்றாள் அவள். "தகரம் நல்ல தகரந்தான். எழுத்துதான் கொஞ்சம் முன்னப்பின்ன."

பலகை நடுங்கிப்போனது. அந்தக் கதவின் பிழைப்பு அதற்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு தடவை அறை வாங்கவேண்டும். அதைவிட, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கதவில் அம்புக்குறி இருந்து யாருக்கு வழிகாட்ட?

காலையில் வீசிய மேல்காற்றிடம் பாறைக்கும் ஊற்றுக்கும் சேதி சொல்லியனுப்பியது. எழுதியபடி நடந்துகொள்ளுமாறு இருவரையும் பணிவோடு கேட்டுக்கொண்டது. மத்தியானக் கடல்காற்று பதில் கொண்டுவந்தது. ஊற்று, தான் நாளுக்கு இரண்டு தடவை கடலுக்கடியில் போய்ப் படுத்து இரண்டு தடவை எழுந்திருப்பதாகவும், வருகிறவர்கள் கடல் ஏறி இறங்கும் நேரம் கேட்டு வந்தால் தண்ணீர் தரத் தயார் என்றும் சொல்லியிருந்தது. பாறையின் பதில் இன்னும் சுருக்கம். தெற்கேயிருந்து பார்த்தால்தான் தும்பிக்கை தெரியுமாம். மற்றபடி ஆனைக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

மிச்சம் இருந்தது தேரி. பலகைக்கு இப்போது அதன் மேல்தான் பயம். முதல் ஆடிக்காற்றில் அது முப்பத்தெட்டு மீட்டர் நகர்ந்திருந்தது. இரண்டாம் ஆடியில் நாற்பத்தொன்று. குறைவாக நடக்கவேண்டியிருந்ததற்காக வந்தவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. பலகைதான் மீட்டர் மீட்டராகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆடியில் இருபத்தொன்பது மீட்டர் வந்ததும் அதற்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் நின்றால் நல்லது," என்றது பலகை.

"எதற்கு?" என்றது தேரி.

"உங்களை நூற்றிருபது மீட்டர் என்று எழுதியிருக்கிறது."

"யார் எழுதியது?"

"அளந்து எழுதியது. உங்கள் காலடிவரை நாடா பிடித்தார்கள். நான் பார்த்தேன்."

"எந்த மாதம்?"

"தை."

தேரியின் உச்சியிலிருந்து கொஞ்சம் மணல் சரிந்தது. அது சிரித்தால் அப்படித்தான். "தை மாதம் நான் தூங்குவேன், அளவுகாரரே. தூங்குகிறவனை அளந்துவிட்டு, எழுந்து நடக்காதே என்றால் எப்படி? இன்னும் பன்னிரண்டு மீட்டர்தானே. வந்து பேசுகிறேன்."

நான்காம் ஆடியில் சொன்னபடி வந்தது. பதினோரு நாள் காற்று நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது பலகை இடுப்புவரை சிவப்பு மணலுக்குள் இருந்தது. தன் மேல் எழுதியிருந்த ஒன்றைப் பலகை முதல்முறையாகத் தொட்டது. மணல் வெதுவெதுப்பாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு கார் வந்தது. இறங்கியவர்கள் பெருமாள்சாமியும் அவர் மனைவி அலமேலுவும். பலகையைப் படிக்கவே அவர்கள் மணலில் ஏறவேண்டியிருந்தது.

பெருமாள்சாமி வாய்விட்டுப் படித்தார். அம்பு காட்டிய மேற்குப் பக்கம் பார்த்தார். "இந்த மேட்டைத் தாண்டினா தேரி வந்துரும். வா," என்றார்.

அலமேலு வரவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அங்கேயே மணலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் போனார். ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு போனார். மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, நூற்றிருபதாவது மீட்டரில் ஒரு முந்திரிமரத்தின் முன்னால் போய் நின்றார். அதைச் சுற்றியும் வந்து பார்த்தார்.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. தேரி எங்கேயும் இல்லை, வெறும் மணல்தான் கிடக்கிறது, இந்த ஊர்த் தலைவர் வீடு எது என்று சந்தனக்கனியிடம் கேட்டார்.

பலகை கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவது புகார்.

"தலைவர் வீடு இருக்கட்டும்," என்றாள் அலமேலு. "நீங்க இப்ப எதுமேல நிக்கிறீங்க?"

"மணல் மேல."

"என்ன நெறம்?"

பெருமாள்சாமி குனிந்து பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"போர்டுல நூத்திருபதுன்னு போட்டிருக்கே," என்றார், குரல் இறங்கி.

"போட்டிருக்கறதாலதான் இதைத் தாண்டிப் போயிட்டு வந்தீங்க," என்றாள் அலமேலு. "கல்யாணத்தப்ப ஜாதகத்துல பொண்ணு செவப்புன்னு போட்டிருந்தா, என்னைத் தாண்டியும் போயிருப்பீங்க."

சந்தனக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெருமாள்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் சாய்ந்து மணலில் உட்கார்ந்து, தேரியும் எழுத்தும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தைத் தன் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு அறுபத்துமூன்று பேர். யாரும் பாறையைக் கேட்கவில்லை, ஊற்றைக் கேட்கவில்லை. பலகையின் பக்கத்தில் நின்று, அம்பு காட்டிய பக்கம் கையை நீட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். சந்தனக்கனிக்கு மத்தியானத்துக்குள் கூடை காலி.

பலகை பொய் சொல்கிறது என்ற செய்தி எட்டி, தவசிமுத்து கடப்பாரையோடு வந்தார். பிடுங்கிய தகரத்தில் எழுத்தை அழிக்கப் பெயின்டரும் உடன் வந்தார். கூட்டத்தைக் கண்டதும் தலைவர் கடப்பாரையை மெல்ல மணலில் சாய்த்து வைத்தார்.

"புடுங்கலயா அண்ணாச்சி?" என்றாள் சந்தனக்கனி.

"இதைப் பார்க்கத்தானே வாராங்க. இதைப் புடுங்கிட்டு எதைக் காட்ட?"

பலகைக்கு உயிர் வந்தது. பெயின்டர் தூரிகையை எடுப்பதைப் பார்த்ததும் அது இன்னும் நிமிர்ந்தது. திருத்தப் போகிறார்கள். 120ஐ அழித்துவிட்டு ஒரு பூஜ்யம் போட்டால் போதும், இந்தக் கரையோரத்தில் அதைவிடச் சரியான பலகை வேறு இருக்காது. தேரி நகரும்போதெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டால் ஆயிற்று. பக்கத்தில் கிடந்த தேரியிடம் அதைச் சொல்லவும் செய்தது. தேரியின் உச்சியில் கொஞ்சம் மணல் சரிந்தது.

"என்ன எழுதணும் தலைவரே?" என்றார் பெயின்டர்.

"புதுசா ஒண்ணும் வேண்டாம்வே," என்றார் தவசிமுத்து. "எழுத்து மங்கிப்போச்சு. உள்ளதை உள்ளபடி பளிச்சுன்னு ஆக்கும். நம்பரை மட்டும் மாத்திராதீரும்."

பெயின்டர் மணலில் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினார். பாறைக்கும் ஊற்றுக்கும் ஒரு பூச்சு போதும் என்று விட்டுவிட்டார். 120க்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுத்தார்.