நோன்பிருந்த திருட்டுப் பூனை

கடற்கரை ஊர் ஒன்றில், மாதா கோவிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விலங்குக் காப்பகம். அங்கே சிங்காரி என்ற பூனையும் மொட்டையன் என்ற நாயும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் இருந்தன.

சிங்காரி நல்ல அழகி. ஆனால் பலே திருடி! மீன்சட்டியை உருட்டிய குற்றத்துக்காக, வளர்த்தவர்களே அதைக் கோணிப்பையில் கட்டிக் காப்பக வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். மொட்டையனோ முடியெல்லாம் கொட்டிய கிழம். அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

தவக்காலத்து ஞாயிறு அன்று, “வீட்டுக்கு ஒரு வாயில்லா ஜீவனைக் கூட்டிப் போங்கள், அதுவும் அன்புதான்!” என்று பாதர் பிரசங்கம் வைத்தார். ஜன்னல் வழியாக அது சிங்காரியின் காதில் விழுந்தது.

“அண்ணே! இன்னைக்கு ஒரு வீட்டைப் பிடிச்சிருவேன்!”

“எப்படி?”

“வர்றவங்க பக்தி உள்ளவங்க. நான் நோன்பு இருக்கப்போறேன். மீனைத் தொடவே மாட்டேன்!”

மொட்டையன் விழுந்து விழுந்து சிரித்தது. “நீயா? மீனையா?”

“சிரிக்காதீங்க அண்ணே. இன்னொரு தடவ கோணிப்பைக்குள்ள போக என்னால முடியாது.”

பூசை முடிந்தது. கூட்டம் வந்தது. சிஸ்டர் அமலி இரண்டு கூண்டுகளிலும் சாளை மீனை வைத்தார். சிங்காரி முன்னங்கால்களைச் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டது. வாயில் மட்டும் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

“அட! பூனை நோன்பு இருக்கு!” என்று வியந்தார்கள். “இது புனிதமான பூனை! கோவில்லயே இருக்கட்டும்!” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

‘ஐயோ, அப்ப எனக்கு வீடு?’ என்று சிங்காரிக்குப் பகீரென்றது!

அப்போது மீன் விற்கும் ரெஜினாள் குனிந்து பார்த்தாள். “ஏட்டி, தவக்காலத்துல கறிதான் ஆகாது. மீனு நாங்களே திங்கோம். நீ எந்தச் சபை?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரெஜினாள் திரும்பி, “சிஸ்டர், யாருமே கேக்காதது எது?” என்றாள். சிஸ்டர் மொட்டையனைக் காட்டினார். அவள் கொஞ்சமும் அருவருப்பில்லாமல் அதை வாரி அணைத்துக்கொண்டாள்.

‘போச்சு, எல்லாம் போச்சு! மீனாவது மிஞ்சட்டும்!’ என்று சிங்காரி பாய்ந்தது. சாளை காணாமல் போனது. கம்பி வழியே முன்னங்காலை நீட்டி மொட்டையனின் மீனையும் இழுத்துக்கொண்டது.

“சீ! திருட்டுப் பூனை!” கூட்டம் கலைந்து போனது.

ரெஜினாள் நின்றாள். “அப்ப இனி இதையும் யாரும் கேக்க மாட்டாவ. கூண்டத் தெறங்க, சிஸ்டர்.”

“ரெஜினாம்மா, உங்க வீட்டுல எப்பவும் மீன் இருக்குமே! இது சட்டியை உருட்டிரும்!”

“உருட்டட்டும். என் யோக்கியதையப் பாத்தா ஆண்டவர் என்னச் சேத்துக்கிட்டாரு?”

மொட்டையனை இறக்கிவிட்டு, சிங்காரியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கீழே ஓடிவந்த மொட்டையன், “என்ன தங்கச்சி, நோன்பு முடிஞ்சிருச்சா?” என்று சீண்டியது.

“பேசாம வாங்கண்ணே. அழுகையா வருது” என்றது சிங்காரி.

நல்லவராக வேஷம் போட்டு அன்பைப் பிடிக்க வேண்டியதில்லை. மெய்யான அன்பு நம் குறையைத் தெரிந்துகொண்டுதான் நம்மை வீட்டுக்கு அழைத்துப் போகும்.