உப்புக்கு ஓடி வந்த ஊரு

ஒரு ஊர்ல ஒரு உப்புக்காரி இருந்தா. பேரு சீனியம்மா. சிரிக்காத, பேரே அதான். பக்கத்து வீட்டுல கருப்பட்டிக்காரி பொன்னுத்தாயி. கடற்கரை ஊரு, நெல்லு விளையாது. அதனால ரெண்டு பேரும் வாராவாரம் கூடையத் தூக்கிக்கிட்டு, நெல்லு விளையுற ஊருக்கு நடப்பாங்க. காசெல்லாம் கிடையாது. ஒரு படி உப்பு குடுத்தா ஒரு படி நெல்லு. ஒரு வட்டுக் கருப்பட்டி குடுத்தா ரெண்டு படி நெல்லு. ம் சொல்லு.

ஊருக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைக தடதடன்னு ஓடி வரும். யாருகிட்ட? பொன்னுத்தாயிகிட்ட! "கருப்பட்டி அக்கா! கருப்பட்டி அக்கா!" சீனியம்மாவ ஒரு நாய்கூட திரும்பிப் பார்க்காது. நெல்லு கம்மியாக் கிடைச்சதுகூட அவளுக்குப் பெரிசில்ல. பிள்ளைக ஓடுற ஓட்டத்தப் பார்த்துத்தான் வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுது.

அப்புறம் என்ன பண்ணா தெரியுமா? இருந்த உப்பு பூராவையும் பனையேறி வீட்டுல குடுத்து, கருப்பட்டியா மாத்திக்கிட்டா. மறுவாரம் பொன்னுத்தாயி எந்திரிக்கும் முன்னாடியே குடுகுடுன்னு கிளம்பிட்டா.

முதத் தெருவுல பிள்ளைக ஓடி வந்துச்சு. ஆளுக்கொரு துண்டு வாங்கித் தின்னுட்டு ஓடிப்போச்சு. பிள்ளைக கையில ஏது நெல்லு?

ரெண்டாந் தெருவுல, "போன வாரக் கருப்பட்டியே கிடக்கு. அரைப்படி நெல்லு தாரேன், வச்சிட்டுப் போ"ன்னாங்க.

அப்போ, மூணாந் தெருவுல ஒரு அம்மா, முறம் நிறைய நெல்லோட மூச்சு வாங்க ஓடி வந்தா. "உப்புக்காரம்மா! கூடை மாங்காய ஊறுகாய்க்கு நறுக்கிட்டு உனக்காகத்தான் காத்திருக்கேன். சீக்கிரம் அள!"

அந்தம்மா கூடைய எட்டிப் பார்த்தா. பூரா கருப்பட்டி. அவ மூஞ்சி தொங்கிப்போச்சு. சீனியம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. முதமுதல்ல அவளத் தேடி ஒரு ஆள் ஓடி வந்துருக்கு, கையில உப்பில்ல!

வீட்டுக்கு வந்தா அவ கஞ்சிக்கே உப்பில்ல. கருப்பட்டியக் கடுக்குனு கடிச்சுக்கிட்டே குடிச்சா.

அடுத்த வாரம் உப்பளத்துல வாரின புது உப்போட போனா. ஊரு எல்லையிலயே பொம்பளைக முறமும் கையுமா நிக்கிறாங்க! "வந்துட்டா, வந்துட்டா"ன்னு திபுதிபுன்னு ஓடி வந்து சூழ்ந்துக்கிட்டாங்க. கருப்பட்டிக் கூடையோட ஓரமா நின்ன பொன்னுத்தாயி மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"ஏக்கா, உனக்கு மட்டும் ஊரே ஓடி வருது?"

சீனியம்மா சலசலன்னு உப்ப அள்ளி, படியில குவிச்சுக் குவிச்சு அளந்தா.

உப்பும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு, கண்ண மூடு.