ஆழம் என்ற சொல்

நான்கு நாளாக ஒரே பாட்டு. ஒன்பது பாட்டுள்ள ஆல்பத்தில் எட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது மட்டும் பாடகன் ராயப்பனிடம் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

தூத்துக்குடியிலிருந்து வந்த நான்கு பேர் கொண்ட ராக் குழு அது. அவர்களுக்கு இது முதல் ஆல்பம். சாலிகிராமத்து ஸ்டூடியோவில் பதிவு செய்யும் வைதேகி அவர்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதிலிருந்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அதனால் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஒன்பதாவது, கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி சவரிக்காக ராயப்பன் எழுதிய பாட்டு. ‘எத்தனை ஆழமடா நீ போனது’ என்று தொடங்கும். ஊரில் பாடும்போது ‘ஆளம்’ என்றுதான் பாடினான். கேட்டவர்கள் அழுதார்கள். யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் போட, கீழே ஒருவன், ‘முதல்ல ழ சொல்லக் கத்துக்க’ என்று எழுதினான். எழுதியவன் மறுநாளே மறந்திருப்பான். பாடியவனால் முடியவில்லை.

இன்று சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் பேஸ் கிதார் வாசிக்கும் கிளாட்வின் பாடுவான் என்று மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ராயப்பன் தன் தம்பியின் பாட்டை இன்னொருவன் பாடிக் கேட்க வேண்டும்.

நாற்பத்தோராவது முறை பாடிவிட்டு வந்து நாற்காலியில் சரிந்தான்.

“தொண்ட கிளிஞ்சிட்டு டீச்சர். ஒண்ணாவது தேறுமா?”

பேச்சில் எப்போதும் ழ கிடையாது. மைக் முன்னால் மட்டும்தான்.

“எல்லாத்துலயும் ழ வந்திருக்கு அண்ணே.”

“பொறவு ஏன் எல்லாவனும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்?”

வைதேகிக்கும் கண் எரிந்தது. கணினிப் பக்கம் திரும்பி எதையோ வெட்டினாள், ஒட்டினாள். அரைமணி நேரம் ஆயிற்று. ராயப்பன் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இதக் கேளுங்க.”

அவன் குரல்தான் வந்தது. ழ. ழ. ழ. ழ. நாற்பத்தோரு தடவை பாடியதிலிருந்தும் அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுத்து வரிசையாக ஒட்டியிருந்தாள். நாக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை.

முதலில் ராயப்பன் சிரித்தான். இருபதைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வாய்மொழித் தேர்வில் வாத்தியார் முன்னால் நிற்பவனின் குரல் மாதிரி இருந்தது. கடைசிவரை கேட்டான்.

“எல்லாம் சரியாத்தான இருக்கு?”

“ரொம்பச் சரியா இருக்கு.”

“இதுல சவரி எங்க டீச்சர்?”

“அவரைத்தான் அண்ணே நானும் நாலு நாளாத் தேடுறேன்.”