வரியன் ஆகாயம் போன கதை

கருங்குளத்தைச் சுற்றியிருந்த காட்டில் இரண்டு வருஷமாக எந்த மரமும் சரியாகக் காய்க்கவில்லை. நாவல் மரங்கள் பூத்ததோடு சரி. அணில்களும் முயல்களும் மைனாக்களும் கிடைத்த வேரையும் பட்டையையும் தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தன. கிளிகள் மட்டும் விவரமானவை. பஞ்சம் வந்த முதல் வாரமே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன.

காட்டுக்கு மேற்கே ஒரு பெரிய மலை இருந்தது. அதன் தலை எப்போதும் மேகத்துக்குள் இருக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ராசாளி. பிடித்தால் விடாத நகமும் வளைந்த அலகும் உள்ள பெரிய பறவை என்பதால், எல்லோரும் மரியாதையாக 'ராசாளியார்' என்றே அழைப்பார்கள். மரியாதையில் முக்கால்வாசி பயம்.

"அந்தப் பக்கம் பச்சைப் பசேல்னு இருக்கு" என்றார் ராசாளியார்.

"என்ன மரம் ஐயா? பழம் இருக்கா?" என்று கேட்டார்கள்.

"மரம். அவ்வளவுதான் தெரியும். நான் என்னைக்குப் பழம் தின்னேன்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். பழம் தின்கிற யாராவது போய்ப் பார்த்தால்தான் உண்டு. குருவிகளால் அந்த மலைக்காற்றில் பறக்க முடியாது. காட்டுத் தலைவர் மயிலார் கூட்டம் போட்டார். தூக்கணாங்குருவிகள் ஒரு கூடு பின்ன வேண்டும், அதில் யாராவது உட்கார வேண்டும், கூட்டைக் கயிற்றில் கட்டி ராசாளியார் மேகத்துக்கு மேலே தூக்கிப்போக வேண்டும் என்று முடிவானது.

"யார் போறீங்க?" என்று மயிலார் கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வரியன் என்ற அணில் மட்டும் வாலைத் தூக்கினான்.

அவன் மனைவி மருதாயி அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. மூன்று குட்டிகளும் பசியில் அழுததால் வீட்டிலேயே இருந்தாள். வரியன் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

"ராசாளி அணிலைத் தின்கிற சாதிங்க. அது தெரியுமா தெரியாதா?"

"அதையும் கேட்டுட்டேன். 'மேலே போகும்போது ரெண்டு காலும் கயித்தைப் பிடிச்சிருக்கும், எப்படித் தின்கிறது'ன்னு சொன்னார்."

"கீழே வந்தப்புறம்?"

"கீழே வந்தப்புறம் நான் மரத்துக்குள்ளே ஓடிடுவேன்" என்றான் வரியன்.

மருதாயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. "உங்களுக்குப் போகணும்னு ஆசையா, இல்லே வேற யாரும் முன்வராததாலே போறீங்களா?"

வரியன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ரெண்டும்தான். குட்டிங்களுக்குப் பழம் வேணும். அது நிஜம். மேகத்துக்கு மேலே என்ன இருக்குன்னு பார்க்கணும். அதுவும் நிஜம்."

அவள் அவனைத் தடுக்கவில்லை. உச்சாணிக் கிளையில் ஏறி நின்று மணிக்கணக்கில் மலையையே பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். அது தெரிந்துதான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

தூக்கணாங்குருவிகள் வேலையை ஆரம்பித்தன. பனையோலையை நாராகக் கிழித்துப் பின்னின. வேலையை நடத்தியவர் மஞ்சள் தலை மேஸ்திரி. கோபக்காரர், ஆனால் வேலையில் சுத்தம். கூட்டில் வரியன் எடைக்கு ஒரு கல்லை வைத்து ராசாளியாரைத் தூக்கச் சொன்னார். முதல் தடவை கயிறு அறுந்து கல் குளத்தில் விழுந்தது. கயிற்றைத் தடியாக்கினார். அடுத்தடுத்த நாட்களில் வேறொரு கல் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தது. எல்லாம் நல்ல வெயில் நேரத்தில்.

புறப்படும் நாளை மயிலார் குறித்தார். அன்றிலிருந்துதான் மருதாயிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பயண நாள் குறித்துவிட்டால், அவரிடமோ அவர் வீட்டாரிடமோ யாரும் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது. 'அறுந்தால்', 'விழுந்தால்', 'வராவிட்டால்' என்ற பேச்சே எடுக்கக்கூடாது. வாய் தவறிச் சொன்னவரைக் குளத்தில் மூன்று முழுக்குப் போட வைப்பார்கள். எதைக் கேட்டாலும் 'ஒண்ணும் ஆகாது' என்பதுதான் பதில்.

மருதாயி மேஸ்திரியிடம் போனாள். "அண்ணே, கயிறு தாங்குமா?"

"ஒண்ணும் ஆகாது தாயி" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு ஓலையைப் பார்த்தார்.

ராசாளியாரிடம் போனாள். "மேலே காத்து எப்படி ஐயா?"

"ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். எந்த மிருகத்துக்கும் பயப்படாத அவரும் அந்த வழக்கத்துக்குப் பயந்தார்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஆட்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். முயல் ஒரு கிழங்கு கொண்டுவந்தது. அதன் வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். மைனா, குட்டிகளின் தலையைத் தடவிக் கண் கலங்கியது. மயிலாரே நேரில் வந்து, "உன் குடும்பத்தைக் காடே பார்த்துக்கும்மா. நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுன்னா, காடு எதுக்கு எங்களைப் பார்த்துக்கணும்?" என்று மருதாயி கேட்டாள்.

மயிலார் தோகையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். மருதாயி அந்தக் கிழங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரே தன் புருஷனுக்கு முன்கூட்டியே துக்கம் விசாரிக்கிறது. ஆனால் எதற்கு என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

புறப்படும் நாள் விடிந்தது. மார்கழி மாதம். குளமும் கரையும் பனியில் நனைந்து கிடந்தன. காடு முழுவதும் கரையில் கூடிவிட்டது. குட்டிகளுக்குப் பூச்சூட்டி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வரியன் கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்தான். அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

மருதாயி மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குருவிகளின் முகத்தைப் பார்த்தாள். எல்லாக் குருவிகளும் கயிற்று முடிச்சைப் பார்ப்பதும், பிறகு மேஸ்திரியைப் பார்ப்பதுமாக இருந்தன. மேஸ்திரி யாரையும் பார்க்கவில்லை. முடிச்சிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மருதாயி எழுந்தாள். "முடிச்சு அவுந்தா என்ன ஆகும்?" என்று உரக்கக் கேட்டாள்.

கரையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாவி, என்ன வார்த்தை சொல்றே!" என்று மயிலார் கத்தினார். "புறப்படுற நேரத்திலே!"

வரியனுக்கும் சுருக்கென்றது. "மருதாயி, இப்பவா இதைக் கேட்பே? எல்லார் முன்னாடியும்?"

"இப்ப கேட்காம எப்ப கேட்கிறது? நீங்க போறதை நான் தடுக்கலை. போங்க. ஆனா தெரிஞ்சு போங்க. என்ன ஆகலாம்னு இங்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. போற உங்களுக்கும் காத்திருக்கப்போற எனக்கும்தான் தெரியலை. முழுக்கு எத்தனை வேணும்னாலும் போடறேன். முதல்லே பதில் சொல்லச் சொல்லுங்க."

வரியன் கூட்டிலிருந்து இறங்கினான். மேஸ்திரி முன்னால் போய் நின்றான். "அண்ணே, நிஜத்தைச் சொல்லுங்க. என் உயிரு."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "வெயில்லே முடிச்சு கல்லு மாதிரி நிக்கும்ப்பா. ஈரத்திலே பனைநார் வழுக்கும். வழுக்கியே தீரும்னு சொல்லலை. பனியிலே நாங்க தூக்கிப் பார்த்ததே இல்லை. நாள் குறிச்சப்புறம் அதை எப்படிச் சொல்றதுன்னு..."

"எனக்கும் தெரியும்" என்றது இன்னொரு குருவி. "எனக்கும்" என்றது மற்றொன்று. கடைசியில் பார்த்தால் முடிச்சுப் போட்ட அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் வேறு யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

மருதாயி ராசாளியாரிடம் திரும்பினாள். "நீங்க?"

"மேகத்தை நெருங்கினதும் குறுக்குக் காத்து ஒண்ணு வரும்" என்றார் ராசாளியார் மெதுவாக. "சில நாள் நானே திரும்பிடுவேன். சுமையோட இருந்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

முன்பு தூக்கிப் பார்த்த கல் அங்கேயே கிடந்தது. வரியன் அதைத் தானே உருட்டிக்கொண்டுபோய்க் கூட்டில் வைத்தான். "தூக்குங்க ஐயா" என்றான்.

ராசாளியார் எழும்பினார். பனைமர உயரத்தைத் தாண்டியதும் கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நழுவியது. கரைப் பாறையில் விழுந்த கல் இரண்டாகப் பிளந்தது. கூடு குளத்தில் மிதந்தது.

குட்டிகள் வீறிட்டு அழுதன. வரியன் அவற்றை வாரி அணைத்துக்கொண்டான். மருதாயியை யாரும் முழுக்குப் போடச் சொல்லவில்லை. மயிலார் தோகையை மடக்கிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் வரியன் வீட்டிலேயே இருந்திருப்பான், காடும் பட்டினியாகவே இருந்திருக்கும். ஆனால் மறுநாள் மருதாயியே மறுபடி கூட்டம் கூட்டச் சொன்னாள். அவளும் குட்டிகளும் நடுவில் உட்கார்ந்தார்கள். பயப்படுவதையெல்லாம் ஒவ்வொருவரும் வந்து சொன்னார்கள். ஈர நாளில் புறப்படுவதில்லை என்றும், கயிறு இரட்டைக் கயிறாக இருக்க வேண்டும் என்றும் பேசினார்கள். குறுக்குக் காற்று வந்தால் வரியன் குரல் கொடுப்பான், ராசாளியார் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும் என்றும் முடிவானது.

"இப்ப பயமில்லையா அண்ணே?" என்று மருதாயி கேட்டாள்.

"இருக்கு தாயி. பாதியாகியிருக்கு, போகலை. இன்னும் என்னென்ன இருக்கோ, போனாத்தான் தெரியும்" என்றார் மேஸ்திரி.

அந்தப் பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. அவளும் வரியனும் நெடுநேரம் பேசினார்கள். போகலாம் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவெடுத்தார்கள்.

பனி விட்டு, வெயில் ஏறிய ஒரு நாளில் வரியன் புறப்பட்டான். காற்று குறுக்கே வந்ததும் குரல் கொடுத்தான். ராசாளியார் திரும்பிவிட்டார். கரையில் சிலர் முணுமுணுத்தார்கள். மருதாயி அவர்களை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த முறை காற்று வரவில்லை. கூடு மேகத்துக்குள் போய் மறைந்தது. அது மறைந்திருந்த நேரம் முழுவதும் மருதாயி குட்டிகளோடு கரையிலேயே நின்றாள். ஒருவரும் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லவில்லை. மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கூடு இறங்கியது. "அத்தியும் இலந்தையும்! காடு முழுக்கப் பழம்! தெற்கே ஒரு கணவாய் இருக்கு, நடந்தே போகலாம்!" என்று வரியன் கத்தினான். காடே துள்ளியது.

ஆனால் அவன் கூட்டை விட்டு இறங்கியபோது தடுமாறினான். இடது முன்னங்காலில் உணர்ச்சி இல்லை. மேகத்துக்கு மேலே இருந்த குளிர் அதைக் கடித்துவிட்டிருந்தது. மருதாயி அதைத் தன் வாலால் சுற்றி வெகுநேரம் தேய்த்துப் பார்த்தாள். அது சரியாகவில்லை. பிற்பாடும் சரியாகவே இல்லை. உச்சாணிக் கிளை ஏறுவது வரியனுக்கு அன்றோடு போயிற்று.

மேஸ்திரி தலை குனிந்து வந்தார். "தாயி, இந்தக் குளிரு எங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

மருதாயியின் கண்ணில் தண்ணீர் நின்றது. "தெரியும் அண்ணே. அதனாலேதான் உங்க மேலே எனக்குக் கோபமே வரலை" என்றாள்.

தெரியாத ஆபத்தை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த ஆபத்தைப் போகிறவரிடமும் அவருக்காகக் காத்திருப்பவரிடமும் மறைத்து, வாழ்த்தி மட்டும் அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.