சிலுப்பாத சொக்கி

ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சாம். பேரு சொக்கி. ஏய், கோழிக்குப் போயி பேரான்னு சிரிக்காத. உனக்கு வீட்டுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னு ரெண்டு பேரு இருக்கு, அதுக்கு ஒண்ணு இருக்கக்கூடாதா? செம்பட்டை நிறம், வாலுல மட்டும் கருப்பு. நடந்து வந்தா தாலுகா ஆபீஸ் அதிகாரி வர்ற மாதிரி இருக்கும். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை வரும்.

ம்.

அந்தச் சொக்கியை வளத்தவ வெள்ளத்தாயி. வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டுறவ. புருஷன் லாரி ஓட்டுறான், போனா சீக்கிரம் வரமாட்டான். பிள்ளைகுட்டி இல்ல. சொக்கி முட்டையை விட்டு வெளிய வந்த அன்னிக்கே கீரி அதோட தாயை லபக்குன்னு கவ்விட்டுப் போயிருச்சு. அப்போ இந்த வெள்ளத்தாயிதான் குஞ்சை முந்தானையில முடிஞ்சு, இடுப்புச் சூட்டுலயே வளத்தா. அதனால சொக்கிக்கு வெள்ளத்தாயிதான் தாய்க்கோழி. ரேசன் கடைக்குப் போனா பின்னாடியே குடுகுடுன்னு வரும். தீப்பெட்டி ஒட்டுனா பசையைத் திருடித் தின்னும். மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், ஆகவே ஆகாது, சடசடசடன்னு சிலுப்பி வீடெல்லாம் தெறிக்கும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்க.

அப்புறம் ஒரு நாள் காலையில வெள்ளத்தாயி கோழியைக் கவுத்து வச்ச கூடையைத் தூக்குனா, சொக்கி வெளிய வரல. கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, தூங்கித் தூங்கி விழுது. சோறு போட்டா திங்கல. பசையைக் காட்டுனா பாக்கல. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் பக்கத்து வீட்டுச் சேவலைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டுன கோழி! வெள்ளத்தாயி அதை மடியில எடுத்து வச்சுக்கிட்டுக் கேட்டா. என்ன தின்ன? எதை மிதிச்ச? அதே அரிசி, அதே பசை, அதே தண்ணிதானே? தேடித் தேடிப் பாத்தா. ஒண்ணும் தெரியல.

இப்போ கேளு. ஒரு வீட்டுல சீக்குன்னா ஊரு என்ன செய்யணும்? "ஐயோ, என்னாச்சு?"ன்னு கேக்கணும். தெரிஞ்சா சொல்லணும், தெரியலேன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போகணும். அந்த ஊர்ல ஒருத்தர் வாயிலயாவது "தெரியல"ன்னு வந்துச்சா? எனக்கு இப்போச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது!

மொதல்ல வந்தது அடுத்த வீட்டுச் சீனியம்மா.

"கண்ணேறு வெள்ளத்தாயி. பூசணிக்கா கணக்கா வளத்து வச்சிருக்க, கண்ணு படாம என்ன செய்யும்?"

"யாரு கண்ணுக்கா?"

"அதை எப்படி வாயால சொல்ல?"

சொல்லிக்கிட்டே மிளகாவத்தலும் உப்பும் எடுத்து, சொக்கியைச் சுத்தி அடுப்புல போட்டா. படபடபடன்னு வெடிச்சுது. கண்ணேறு இருந்தா மிளகா நெடி வராதுன்னு சொல்லுவாங்கல்ல? நெடி வீட்டைத் தூக்குது! வெள்ளத்தாயி ஹச்சு, சீனியம்மா ஹச்சு, அந்தச் சீக்குக் கோழியும் சின்னதா ஒரு ஹச்சு.

"நெடி வந்துருச்சேக்கா, அப்போ கண்ணேறு இல்லதானே?"

"இது பொல்லாத கண்ணு. நெடியையும் மீறி நிக்குது."

பாத்தியா? நெடி வரலேன்னாலும் கண்ணேறு, வந்தாலும் கண்ணேறு. என்ன நியாயம் இது?

ம்.

அப்போ வாசல்ல ஒரு தொண்டைக் கனைப்பு. யாருன்னா, வெள்ளத்தாயியோட கொழுந்தன் தங்கப்பாண்டி. கையில ஒரு பை.

"மதினி, கோழிக்குச் சீக்காமே. சாகுறதுக்கு முந்தி அறுத்துருவோம். செத்துப்போச்சுன்னா வீணாப் போகுமே. இந்தாங்க, சின்ன வெங்காயம் கொண்டாந்திருக்கேன்."

வீணாப் போகுமாம்! மதினி ஆசையா வளத்த உசுரு கண்ணை மூடிக் கிடக்கு, இவனுக்குக் குழம்புக் கவலை. வெள்ளத்தாயி என்ன செஞ்சா தெரியுமா? பையை வாங்கிக்கிட்டா, வெங்காயத்தை உரிச்சு, மஞ்சளோட நைச்சு, உருண்டை உருட்டிச் சொக்கி வாய்க்குள்ள தள்ளி விட்டா. அவ அம்மா வீட்டுல சீக்குக் கோழிக்கு அப்படித்தான் குடுப்பாங்க. தங்கப்பாண்டி வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் சொக்கியை முந்தானையில சுத்தி இடுக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனா. லொங்கு லொங்குன்னு வெயில்ல நடை. அங்க டாக்டர் இல்ல, கம்பவுண்டர்தான் இருந்தாரு. மேசையை விட்டு எந்திரிக்கக்கூட இல்ல.

"மாடுன்னா ஊசி போடுவோம். ஆடுன்னா மருந்து குடுப்போம். கோழின்னா என்ன போடுறது? மசாலாதான்!"

பெஞ்சில இருந்தவங்க எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. வெள்ளத்தாயிக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

"தொட்டாவது பாருங்கய்யா."

"தொட்டுப் பாக்க என்னம்மா இருக்கு? வயசாயிருச்சு."

வயசாயிருச்சாம்! போன தைக்கு அப்புறம்தான் அது முட்டையிடவே ஆரம்பிச்சுது! தொட்டும் பாக்காம சொல்லிட்டாரு அந்த மகராசன்.

வீட்டுக்கு வந்தா, வாசல்ல மறுபடியும் தங்கப்பாண்டி. இந்தத் தடவை மிளகு, சீரகம்.

"என்ன மதினி, கைவிட்டுட்டாங்களா?" முகத்துல என்ன சந்தோசம்!

வெள்ளத்தாயி அதையும் வாங்கி, இடிச்சு, வெந்நியில கலக்கி, சொட்டுச் சொட்டா சொக்கிக்கு ஊத்துனா. அவன் திரும்பிப் போனவன் சும்மா போனானா? நேரா போயி கோடாங்கியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். கூடவே ஒரு அரிவா. வாசப்படிக் கல்லுல சரக் சரக்குன்னு தீட்டுறான்.

கோடாங்கின்னா உடுக்கை அடிச்சுக் குறி சொல்றவன். டுடும் டுடும் டுடும். கண்ணைச் சொருகுனான், தலையை ஆட்டுனான்.

"உன் மாமியா மாடசாமிக்கு ஒரு கோழி நேந்தா. குடுக்காமயே போய்ச் சேந்துட்டா. அதைத்தான் சாமி கேக்குது. நாளைக்குப் பொழுது சாயக் கோயிலுக்குக் கொண்டா."

"எங்க மாமியா செத்தப்போ சொக்கி முட்டைக்குள்ளகூட இல்லையே!"

"சாமிகிட்ட கணக்குப் பேசாத. ரோட்டுல லாரி ஓட்டுற உன் புருஷனை நெனச்சுப் பாரு."

டுடும்.

அங்கதான் அவளைப் பிடிச்சான். தூரத்துல இருக்கிற மனுசனைச் சொல்லி மிரட்டுனா எந்தப் பொம்பளைதான் என்ன செய்வா? தனக்குன்னா சண்டை போடுவா. புருஷன் உசுருன்னு சொல்லிட்டானே! இது குறியா? அயோக்கியத்தனம்! நீ தூங்கிட்டியா?

இல்ல. ம்.

அப்போ வெள்ளத்தாயி அழுதுக்கிட்டே இருந்தா. அழுதுக்கிட்டே யோசிச்சா. மறுநாள் பொழுது சாயச் சொக்கியைத் தூக்கிக்கிட்டு மாடசாமி கோயிலுக்குப் போனா. போனா, ஊரே நிக்குது! சாமி கும்பிடவா? மூணு கல்லு கூட்டி, பெரிய சட்டி ஏத்தி, தேங்காகூட அரைச்சு வச்சாச்சு. சீனியம்மா இலை நறுக்கிக்கிட்டிருக்கா. கண்ணேறுன்னு சொன்னவளுக்கு இங்க என்ன வேலை?

தங்கப்பாண்டி அரிவாளோட முன்னாடி வந்தான். "குடுங்க மதினி. சீக்கிரம் முடிச்சுருவோம்."

வெள்ளத்தாயி கோழியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "உத்தரவு கேட்டாச்சா?"

உத்தரவுன்னா என்ன தெரியுமா? கிடாயோ கோழியோ, சும்மா பிடிச்சு வெட்டிரக்கூடாது. அது மேல மஞ்சத்தண்ணி தெளிக்கணும். அது உடம்பைச் சிலுப்புனா, சாமி சரின்னு சொல்லிட்டாருன்னு அர்த்தம். சிலுப்பலேன்னா தொடக்கூடாது. அந்தக் கோயில் முறை அது.

கோடாங்கி சொன்னான், "சீக்குக் கோழிக்கெல்லாம் உத்தரவு எதுக்கு? சட்டி காயுது."

அப்போ வந்துச்சு பாரு வெள்ளத்தாயிக்குக் கோவம்! ரெண்டு நாளா அடக்கி வச்ச கோவம்.

"சட்டி காயுதா? அப்போ கேக்குறது சாமியா, சட்டியா? சாமி கேக்குதுன்னு சொல்லித்தான என் புருஷனை இழுத்தீங்க? சாமியே சொல்லட்டும். அவர் சரின்னா நானே கழுத்தை நீட்டிப் பிடிக்கிறேன். உத்தரவு இல்லாம எவனாவது தொட்டான், நான் பொல்லாதவளா ஆயிருவேன்!"

முறையைக் கேக்குறா, எப்படி மறுக்க? சொல்லிட்டாளே தவிர அவளுக்கு உள்ளுக்குள்ள திக் திக்குன்னு அடிக்குது. ஏன் சொல்லு? ஒரு சொட்டுத் தண்ணி பட்டாக்கூடச் சிலுப்புற கோழியாச்சே அது! ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல?

ம்... ம்.

சொக்கியைச் சாமி முன்னாடி தரையில விட்டா. கோடாங்கி மஞ்சத்தண்ணியைக் கையில அள்ளி, சளக்!

சொக்கி அசையல. சொட்டுச் சொட்டா வழியுது. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நிக்குது.

ரெண்டாவது, இன்னும் கொஞ்சம் நெறைய. சளக் சளக்! கொண்டையில இருந்து வழிஞ்சு மூக்குல தொங்குது. சொக்கி லேசா ஒரு பக்கம் சாஞ்சுது. சிலுப்பல.

மூணாவது. கோடாங்கிக்கு ஆத்திரம், செம்போட தூக்கி, சளார்ர்ர்! தரையெல்லாம் மஞ்சள். ஊரே எட்டிப் பாக்குது. சொக்கி மெதுவா ஒரு கண்ணைத் தொறந்துச்சு. கோடாங்கியைப் பாத்துச்சு. திரும்ப மூடிக்கிச்சு. சிலுப்ப அதுக்குத் தெம்பு எங்க இருக்கு? எந்தச் சீக்குக்காக வெட்டக் கொண்டாந்தாங்களோ, அந்தச் சீக்குத்தான் அதைக் கல்லு மாதிரி நிக்க வச்சுது.

"கண்ணைத் தொறந்துச்சு! அதுவும் உத்தரவுதான்!"னு கத்துனான் கோடாங்கி.

வெள்ளத்தாயி விடுவாளா? "கண்ணைத் தொறந்தாலே வெட்டலாம்னா, இங்க நிக்கிற எல்லாரும்தான் தொறந்து வச்சிருக்கீங்க!"

கூட்டத்துல யாரோ களுக்குனு சிரிச்சுட்டாங்க. அவ்வளவுதான், கோடாங்கி உடுக்கையைத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டான். மாடசாமி வேண்டாம்னு சொன்ன கோழியை இனி எவனும் தொடக்கூடாது. அதுவும் அந்தக் கோயில் முறை. அன்னிக்கு ஊரு வெறும் தேங்காச் சாறும் சோறும் தின்னுச்சு. நல்லா வேணும்!

அப்புறம் வெள்ளத்தாயி சொக்கியை வீட்டுக்குக் கொண்டாந்து, துடைச்சு, முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டுப் படுத்தா. "பொழைச்சாலும் சரி, போனாலும் சரி, என் மடியில இருடீ"ன்னா. அவளால ஆனது அவ்வளவுதான்.

விடியக்காலையில கால் பெருவிரலை எதுவோ கொத்துது. டொக். டொக். யாரு?

...சொக்கி.

சொக்கியேதான்! பசைக்கிண்ணத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. வெள்ளத்தாயி எந்திரிச்சு உக்காரவும், அந்தக் கோழி றெக்கையை விரிச்சு, காலை ஊனி, சட சட சட சடன்னு சிலுப்புச்சு பாரு ஒரு சிலுப்பு! காஞ்ச மஞ்சள் வீடு பூரா பறக்குது. வெள்ளத்தாயி பதறிப்போயி கதவைப் படார்னு சாத்துனா. "அடிப்பாவி, மெதுவாடீ! யாராச்சும் பாத்துரப்போறாங்க!"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா, கண்ணுல தண்ணி கொட்டுது.

எதனால சீக்கு வந்துச்சு? தெரியாது. எதனால சரியாச்சு? அதுவும் தெரியாது. ஆனா அன்னிக்கும் வந்தாங்களே! சீனியம்மா "என் மிளகாதான்"னா. கோடாங்கி "என் மஞ்சத்தண்ணிதான்"னான். தங்கப்பாண்டி "என் வெங்காயந்தான மதினி"ன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறான். அரிவாளைத் தீட்டுன கை! நானா இருந்தா வெளக்குமாத்தை எடுத்திருப்பேன். வெள்ளத்தாயி எடுக்கல. தீப்பெட்டியை ஒட்டிக்கிட்டே சொன்னா.

"உங்க எல்லாரையும் விட மாடசாமி நல்லவரு. தெரியாத விஷயத்துல அவரு ஒருத்தர்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தாரு."

ம் சொல்லு.

ம் சொல்லலியா? சரி, சரி. புரளாத, போர்வை விலகுது. சிலுப்பாமப் படு. சொக்கி கூடைக்குள்ள போயாச்சு, கூடையைக் கவுத்தாச்சு, கதையும் உள்ள போயிருச்சு. நீயும் தூங்கு.