தடையை வெட்டிய வளையம்

"பெருகறதைத் தவிர அதுக்கு வேற வேலையே இல்ல சார். அப்புறம் எதுக்குத் தனக்குத்தானே தடை வச்சுக்குது?"

கேட்டவள் செண்பகவடிவு. வயது நாற்பத்து நான்கு. கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த இர்ஃபான் எட்டு வயது இளையவர்.

அவள் கேட்டது பிளாஸ்மிட்டைப் பற்றி. பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம் அது. பாக்டீரியாவிடம் உள்ளதையே எடுத்துத் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். போதுமான படிகள் சேர்ந்ததும், தானே உண்டாக்கும் ஒரு பொருளால் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

அந்தப் பொருளுக்கான மரபணுவைச் செண்பகவடிவு வெட்டி எடுத்துவிட்டாள். படிகள் கூடினால், அந்த வளையத்தைக் கொண்டு அவள் உண்டாக்கும் புரதமும் கூடும். விடுப்பு முடிய ஐந்து வாரம்தான் இருந்தது.

மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் பாக்டீரியா செத்துப்போனது.

"என் கைதான் சரியில்லையோ என்னவோ சார்."

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தடை இருக்கற குடுவை, வெட்டின குடுவை ரெண்டையும் எடுத்துட்டு வாங்க மேடம்."

எடுத்து வந்தாள்.

தடை உள்ள குடுவை, பாக்டீரியா பெருகி, மோர்த் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. தடையை வெட்டிய குடுவை வழியாக இர்ஃபானின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"ஒரு செல்லுக்கு எத்தனை படி இருந்துச்சு?"

"இதுல இருபது. நான் வெட்டினதுல மூணு மணி நேரத்துல ஆயிரத்தைத் தாண்டிடுச்சு."

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இப்போ எதுல படியெடுப்பு நடக்குது?"

கலங்கிய குடுவையைக் காட்டினாள்.

"இன்னொன்னுல?"

அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒன்னுகூட இல்ல சார். இருக்கற இடத்தையே தின்னு தீர்த்துடுச்சு."

செண்பகவடிவு குடுவையைக் கீழே வைத்தாள்.

"பரவாயில்ல சார். நாலாவது தடவை இப்பவே ஆரம்பிச்சுடறேன். விடாம நின்னா நாளைக்கு மதியத்துக்குள்ள முடிச்சுடலாம்."

இர்ஃபான் குடுவையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க மேடம்?"

"நேத்து..." என்று தொடங்கினாள்.

பிறகு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.